அறாத ஷாஃப்டில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு

மூன்று சக்கர வண்டி கவிழாது என்று நம்புகிறவர்கள் என்னிடம் ஒருமுறை பேசிவிட்டுப் போகலாம். கவிழாது, உண்மைதான். ஆனால் ஒரு மனிதனின் மானத்தை வாங்க வண்டி கவிழ்ந்துதான் ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

மலேசியாவின் கோலா சிலாங்கூரில் எனக்குக் கைப்பேசிக் கடை. உடைந்த திரையை மாற்றுவேன், பேட்டரி மாற்றுவேன். (மாற்றிய பிறகும் சில கைப்பேசிகள் வேலை செய்யும்.) இந்தத் தகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, கோலா குபு பாருவில் ஒருவரின் கொட்டகையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த பழைய பெரிய மோட்டார் சைக்கிளை வாங்கி வந்தேன். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஒரு ஓட்டை வேனின் பின்பக்க அச்சை இரண்டு சக்கரத்தோடு பொருத்தி, மேலே சோபா வைத்து, அதை 'ட்ரைக்' ஆக்கினேன். குரு என்று யாரும் இல்லை. இணையத்தில் பார்த்த காணொளிகள்தான்.

அந்த வண்டிக்குச் செயின் கிடையாது. எஞ்சினின் இழுவையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோவது ஓர் இரும்புத் தண்டு, அதாவது ஷாஃப்ட். பாவம், ஒரே ஒரு சக்கரத்துக்காகச் செய்யப்பட்டது அது. நான் அதை வெட்டி, நீட்டி, வெல்டிங் வைத்து, இரண்டு தடித்த சக்கரங்களை இழுக்கச் சொன்னேன். வேன் அச்சு கொஞ்சம் தாழ்வாக இருந்ததால் ஷாஃப்டின் மூட்டு கோணலாகவே நின்றது. வண்டி கிளம்பும்போதெல்லாம் அடியில் 'டக்' என்று சத்தம் வரும். நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். அதன் பிறகு சத்தம் வரவில்லை.

"செயின்தான்லா அறும். ஷாஃப்ட் ஒருநாளும் அறாது" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். திரை மாற்ற வந்தவர்கள் திரையை மாற்றாமலே போனார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தங்கச்சி தேவிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை முகிலன் சுங்கை பெசார்க்காரர், வங்கியில் வேலை, வாயைத் திறந்தால் வட்டி ஏறிவிடும் என்பதுபோல அமைதியானவர். தேவியும் அவரும் அதுவரை சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். தாலி கட்டுவது எங்கள் எஸ்டேட் கோயிலில். மாப்பிள்ளையை வீட்டிலிருந்து அழைத்து வருவது பெண்ணின் அண்ணன் வேலை. எதில் அழைத்து வருவேன் என்று நான் சொன்னதும் அம்மா கற்பூரத்தைத் தேடினார்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. மாப்பிள்ளையின் பெரியம்மாவுக்கு இந்தச் சம்பந்தமே பிடிக்கவில்லை. "முகூர்த்தம் தாண்டிச்சுன்னா ராகு காலம். அதுக்கப்புறம் தாலி கிடையாது, நாங்க கிளம்பிடுவோம்" என்று முதல் நாளே எல்லோர் காதிலும் விழும்படி சொல்லியிருந்தார். ஒரு சாக்குக் கிடைக்காதா என்று அவர் காத்திருந்தார். நான் சாக்கோடு போய் அவர் வாசலில் நின்றேன்.

சொந்தக்காரர்களின் கார்களைப் பெரிய சாலையில் அனுப்பிவிட்டு, நான் மட்டும் மாப்பிள்ளையைச் சோபாவில் ஏற்றிக்கொண்டு தஞ்சோங் காராங் வயல்களுக்குள் கால்வாய்ப் பாதையில் திரும்பினேன். பச்சை வயல், பட்டு வேட்டி, தலைப்பாகை, மாலை. படம் எடுத்தால் எப்படி இருக்கும்! அதற்காகவே என் கைப்பேசியை ஹேண்டில் பாரில் மாட்டியிருந்தேன். வேட்டியில் பாக்கெட் இல்லாததால் மாப்பிள்ளை தன்னுடையதைத் தன் அம்மாவிடம் கொடுத்திருந்தார்.

"மச்சான், கீழ என்னமோ சத்தம் வருது" என்றார்.

"நல்ல ஷாஃப்ட் அப்படித்தான் பேசும் மாப்பிள்ளை."

கால்வாயைத் தாண்டும் சின்னப் பாலத்தின் ஏற்றத்தில் ஷாஃப்ட் கடைசியாகப் பேசியது. 'டக்' இல்லை, 'டமார்'. எஞ்சின் சிங்கம்போல உறுமியது, வண்டி மட்டும் நகரவில்லை. மூட்டு முறிந்திருந்தது. நான் எஞ்சினை அணைத்து, கியரைப் போட்டுவிட்டு, குனிந்து பார்க்க இறங்கினேன். ஹேண்ட்பிரேக் நான் பொருத்தவே இல்லை. கியரில் நிறுத்தினால் வண்டி அசையாது என்பது என் சித்தாந்தம். ஷாஃப்ட் போய்விட்டால் அந்தக் கியருக்கும் சக்கரத்துக்கும் எந்த உறவும் இல்லை என்பதை எந்தக் காணொளியும் எனக்குச் சொல்லவில்லை.

"மச்சான்" என்றார் முகிலன் நிதானமாக. "போகுதுலா."

போய்க்கொண்டிருந்தது. பின்னோக்கி, மெதுவாக, ஊர்வலம் போவதுபோல. நான் முன்சக்கரத்தைக் கட்டிப்பிடித்தேன், அது என்னையும் சேர்த்து இழுத்தது. மாப்பிள்ளை மாலையோடு என்னையே பார்த்தபடி கால்வாய்க்குள் இறங்கினார். இடுப்பளவு தண்ணீர். தலைப்பாகை மட்டும் நனையவில்லை. என் கைப்பேசி தண்ணீருக்குள்ளிருந்து இன்னும் படம் பிடித்துக்கொண்டிருந்திருக்கலாம்.

சத்தம் கேட்டு ஓடிவந்த மலாய்க்கார விவசாயி முதலில் மாப்பிள்ளையைத் தூக்கினார். வீட்டுக்குள் போய்த் துவைத்த கைலி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு தண்ணீரில் மிதக்கும் எண்ணெயைப் பார்த்தார். அது அவருடைய வயலுக்குப் பாயும் தண்ணீர். அதற்குள் நெல் ஏற்றப் போன லோரி ஒன்று நின்றது. ஓட்டியவர் ஜோசப் அண்ணன், அதுவரை யாரென்றே எங்களுக்குத் தெரியாது.

"ஏறுங்க மாப்பிள்ளை, நேரமாச்சு" என்றார்.

நானும் ஏறப் போனேன். விவசாயி என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை போகலாம், நீ போகக்கூடாது, வண்டியை வெளியே எடு என்று மலாயில் சொன்னார். நியாயம்தான். லோரி போன திசையைப் பார்த்துக்கொண்டு தண்ணீரில் நின்றேன். என்னால் தேவியின் கல்யாணம் நின்றுவிடும் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது. (கால்வாயில் நின்று அழுவதில் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது.)

பிறகு நடந்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லித் தெரியும். கட்டம் போட்ட கைலி, சேறு படிந்த பட்டுச் சட்டை, தலைப்பாகை, இந்தக் கோலத்தில் மாப்பிள்ளை நெல் லோரியிலிருந்து குதித்தார். பெரியம்மா வாயைத் திறப்பதற்குள் மணவறையில் ஒரு சிரிப்புக் கேட்டது. குனிந்த தலை நிமிரக்கூடாது என்று ஆயிரம் தடவை சொல்லி வைத்திருந்த தேவிதான். அவள் சிரித்ததைப் பார்த்து முகிலனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தாலியைக் கட்டினார், நேரத்துக்குள்.

அடுத்தது பொரியிடல். பெண்ணின் கையில் அண்ணன் பொரி போட வேண்டும்.

"பொண்ணோட அண்ணன் எங்க?" என்றார் ஐயர்.

"என்னைக் கொண்டாந்து சேத்தது இவருதான்" என்று முகிலன் ஜோசப் அண்ணனைக் காட்டினார். என் அம்மா என்மேல் இருந்த கோபத்தில், "அவரே போடட்டும்" என்றார். ஜோசப் அண்ணன் ஒரு சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, என் தங்கச்சியின் கை நிறையப் பொரியைக் கொட்டினார்.

நான் போய்ச் சேர்ந்தபோது பாயசம் தீர்ந்திருந்தது. கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்திலும் நான் இல்லை. அண்ணன் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் ஜோசப் அண்ணன் நிற்கிறார், சட்டையில் உமியோடு. தீபாவளிக்குத் தேவி முதலில் போன் செய்வது அவருக்குத்தான். எனக்கு அது வலிக்கத்தான் செய்தது.

பிறகு தேவியின் மகள் யாழினி பிறந்து, அவளுக்குக் காது குத்தினார்கள். "தாய்மாமன் வந்து உக்காரலாம்" என்றார் நகை செய்யும் பத்தர். நான் எழுந்தேன். அதற்குள் மொத்தக் குடும்பமும் ஜோசப் அண்ணன் பக்கம் கையைக் காட்டியது. நான் அப்படியே தலையைச் சொறிந்தேன்.

ஜோசப் அண்ணன் பாயில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டார். வலது காது முடிந்ததும் என்னைப் பார்த்தார்.

"வாங்க தம்பி. பிள்ளைக்கு ரெண்டு காது இருக்கில்ல, ஒண்ணு உங்களுக்கு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளையை மடியில் வாங்கினேன். பத்தர் ஊசியை வைத்தார். சரியாக அந்த நேரத்தில் என் தொடை நடுங்கியது.

யாழினி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். எந்தத் தோடு போட்டாலும் இடது பக்கம் ஒரு நூல் உயரமாகத்தான் நிற்கும். ஏன் அப்படி என்று யார் கேட்டாலும் அவள் காதுகளைத் தனித்தனியாகத் தொட்டு அறிமுகப்படுத்துகிறாள்.

"இது ஜோசப் மாமா. இது ஷாஃப்ட் மாமா."