குறட்டைக்கு ஆந்தை சாட்சி

பைண்டர் குறட்டை விடுவதில்லை. இதை அவரே எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். நம்பத்தான் வீட்டில் ஆள் இல்லை. வீட்டில் இருப்பதே அவர் மனைவி ஒருத்திதான்.

"மாவு மில்லு மாதிரி ஓடுது" என்று அவள் அவரையும் தலையணையையும் கூடத்துக்குத் தள்ளி அன்றோடு அறுபத்து மூன்று நாள். பைண்டர் கணக்கில் தவறமாட்டார். கூடத்தில் புத்தகக் கட்டை அமுக்கும் இரும்புப் பிரஸ்ஸுக்கும் பசை வாளிக்கும் நடுவே இரண்டடி இடம். இந்தப் பக்கம் புரண்டால் பசை. அந்தப் பக்கம் புரண்டால் இரும்பு. ஆயுள் முழுக்க அடுத்தவர் புத்தகத்துக்கு முதுகு ஒட்டிக்கொடுத்தவருக்குச் சொந்த முதுகு விட்டுப்போயிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கொல்லைப்புறத்தில் காக்கைகள் ஊரைக் கூட்டின. போய்ப் பார்த்தால், சுவரோரப் பள்ளத்தில் ஓர் ஆந்தைக் குஞ்சு. காக்கைகள் ஏழு, அது ஒன்று. பைண்டருக்கு ரத்தம் கொதித்தது. துடைப்பத்தைச் சுழற்றி ஏழையும் விரட்டினார். குஞ்சை அட்டை ஒட்டும் துணியில் சுற்றி ஒரு பெட்டியில் வைத்தார். பாதியாக வெட்டிய ஆப்பிள் மாதிரி முகம்.

பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் மதிலுக்கு மேல் தலையை நீட்டினான்.

"எங்கேர்ந்துண்ணே வந்திருக்கும்?"

"மூஞ்சி வெளுப்பைப் பாரு. பனி பெய்யுற நாட்டுச் சரக்கு. கப்பல்ல வந்து இறங்கியிருக்கும்."

"இதுக்குப் பறக்கவே தெரியலயே. துறைமுகத்திலேர்ந்து இங்க எப்படிண்ணே?"

"லாரியில."

"டிரைவர் பக்கத்துல உக்காந்தா?"

பைண்டர் அவனை முறைத்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் பெட்டிக்குள் குஞ்சு வாயைத் திறந்தது. "க்ர்ர்ர்ர்... ஷ்ஷ்ஷ்..."

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "விடிஞ்சப்புறமுமா? திரும்பிப் படுங்க!"

"நான் நின்னுக்கிட்டிருக்கேன்!"

"நின்னுக்கிட்டேவா? முத்திப்போச்சு!"

பைண்டர் பெட்டிப் பக்கம் குனிந்தார். பெட்டி மறுபடியும், "க்ர்ர்ர்ர்..." அறுபத்து மூன்று நாள் பழி அந்த நொடியில் விளங்கிவிட்டது.

"ஏணிய எடுடா!"

எலக்ட்ரீஷியன் ஏறிப்போய், படுக்கையறைக்கு மேலே ஓடு பெயர்ந்த பொந்துக்குள் எட்டிப் பார்த்தான். "அண்ணே, இங்க இன்னும் ரெண்டு உக்காந்திருக்கு. உங்க பனி நாடு கட்டிலுக்கு நேர் மேலதான் இருக்கு!"

பைண்டர் பெட்டியோடு சமையலறைக்குள் பாய்ந்தார்.

"கேளு! நல்லாக் கேளு! இதுதான் உன் மாவு மில்லு! உன் தங்கச்சிகிட்ட சொன்னே, பால்காரர்கிட்ட சொன்னே, நான் தெருவுல நடக்க முடியல. இப்ப என்ன சொல்றே?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு பெட்டிக்குள் பார்த்தாள். "அச்சோ, கண்ணைப் பாருங்களேன்!"

"கண்ணு கெடக்கட்டும். தீர்ப்பு?"

"தப்பு என் மேலதாங்க. குறட்டை உங்களுது இல்ல. மத்தியானமே உள்ள போய்ப் படுங்க. கட்டில் உங்களுக்குத்தான்."

இவ்வளவு சுலபமாக ஜெயித்துப் பைண்டருக்குப் பழக்கமில்லை. எலக்ட்ரீஷியன் குஞ்சைப் பொந்தில் விட்டு இறங்கினான். "பறக்க இன்னும் ஒரு மாசமாவது ஆகும்ணே. அதுவரைக்கும் மூணும் சேர்ந்துதான் கச்சேரி."

சாப்பாடு முடிந்தது. பைண்டர் தலையணையை இடுக்கிக்கொண்டு உள்ளே நடந்தார். எதிரே மனைவி மெத்தையையும் மேசை விசிறியையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"நீ எங்க?"

"கூடத்துக்கு. பிரஸ்ஸை எலக்ட்ரீஷியன் தம்பி ஓரமா நகர்த்திக் கொடுத்துட்டான்."

"அறுபத்து மூணு நாளா நகராத பிரஸ்ஸா?"

"நீங்க கேக்கவே இல்லையே. மேல மூணு குறட்டைன்னு நீங்கதானே கண்டுபிடிச்சீங்க? அதுக்கடியில நான் எப்படித் தூங்குறது?"

"அப்ப நானும் கூடத்துக்கே வரேன்!"

"தாராளமா வாங்க. ஆனா அங்க குறட்டை கேட்டா, எந்த ஆந்தையக் கை காட்டுவீங்க?"

பைண்டர் படுக்கையறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, மூன்று குஞ்சுகளுக்கும் அடியில் படுத்தார்.