பட்ட பலாவில் ஒரு குரல்

சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தக் குரல் வந்தபோது செபஸ்தியனின் வாயில் பாதி இடியப்பம் இருந்தது. மிளகுத் தோட்டத்துக்குப் பின்னால் யாரோ ஒரு பெண்ணின் கழுத்தை நெரிப்பது போலக் கேட்டது.

"சாக்குருவி," என்றாள் மனைவி டொறீன். "யாருக்கோ நாள் குறிச்சிடுச்சு."

யாருக்கென்று அவள் சொல்லவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை கண்டி ஆஸ்பத்திரியில் செபஸ்தியனுக்கு இதய ஒப்பரேஷன்.

எல்லாம் அவராகத் தேடிக்கொண்டது. ரத்தோட்டையில் ஊரே மரத்தை வெட்டி விற்கும்போது, இந்த மனுஷன் மட்டும் பறவைச் சங்கத்துப் பிள்ளை ஷெனாலியின் பேச்சைக் கேட்டு, கால் ஏக்கரைக் காடாக விட்டுவைத்தார். பட்டுப்போன பலாவைக்கூடத் தொடவில்லை. பொந்தில் ஆந்தை குடிவருமாம்!

மறுநாள் தகரத்தைத் தட்டி விரட்டினார். குரல் இரண்டு மடங்கு நேரம் கத்தியது. அடுத்த நாள் புகை போட்டார். இருமி இருமி அவருக்குத்தான் பிரஷர் ஏறியது. டொறீன் கோயில் தீர்த்தத்தைத் தெளித்தாள். அன்றைக்கு அது அரை மணி நேரம் முன்னதாகவே ஆரம்பித்தது.

"ஒண்ணு அந்த மரத்தை வெட்டுங்க, இல்லாட்டி ஆஸ்பத்திரிக்குப் போக வேணாம்," என்றாள் டொறீன்.

ஒப்பரேஷன் இல்லாவிட்டால் வருஷம் தாண்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பயந்துபோன செபஸ்தியன், மனசே இல்லாமல் பக்கத்துத் தோட்டத்து மாணிக்கவாசகத்தைக் கோடரியோடு கூப்பிட்டார்.

மாணிக்கவாசகம் அண்ணாந்து பார்த்தார். சிரி சிரியென்று சிரித்தார். பொந்துக்குப் பக்கத்தில் ஒரு பச்சை ஸ்பீக்கர் பெட்டி தொங்கியது. ஆந்தைக் குரல் போட்டு ஆந்தையைக் கூப்பிட, போன மாசம் ஷெனாலி கட்டிவிட்டுப் போனது. செபஸ்தியன் சுத்தமாக மறந்துபோயிருந்தார்.

கோடரி திரும்பிப் போனது. அன்று சாயங்காலம் மரத்தடியில் கதிரை போட்டுப் பிளேன்டீ குடித்தார்கள். குரல் கத்தக் கத்தச் செபஸ்தியன் பதிலுக்குக் கத்தினார். டொறீனும் வெட்கத்தை விட்டுக் கத்திப் பார்த்தாள். பிறகு சந்தோஷமாக ஆஸ்பத்திரிப் பையை அடுக்கினாள்.

செவ்வாய்க்கிழமை காலை இருவரும் த்ரீவீலில் ஏறும் நேரத்தில் ஷெனாலி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள்.

"லேட்டாயிடுச்சு, மன்னிச்சிடுங்க அங்கிள். பெட்டிக்குப் பெட்டரி இப்பதான் கெடைச்சது, இதைப் போட்டாத்தான் அது கத்தவே ஆரம்பிக்கும்."