தென்னேரி மண்ணைக் கழுவியவள்

துணி துவைப்பவர்கள், பாத்திரம் துலக்குபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. மண்ணைக் கழுவி, அலசி, வெயிலில் காயவைத்தவள் உலகத்திலேயே ஒருத்திதான். அவளோடு ஒரே அறையில் குடியிருந்தவள் நான். ஊர் அவளுக்கு வைத்த பெயர் ‘மண்கழுவி டீச்சர்’.

எழுபதுகளின் தொடக்கம். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு நெசவுக்காரர் வீட்டு மாடி. இருவருக்கும் ஒரே பெண்கள் கல்லூரியில் வேலை. நான் தமிழ், அவள் வேதியியல். அதோடு சென்னையில் ஒரு பேராசிரியரிடம் டாக்டர் பட்டத்துக்காகக் களிமண்ணை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் சாக்குப்பையோடு தென்னேரிக்குக் கிளம்பிவிடுவாள். ஒருமுறை துணைக்குப் போனேன். ஏரிக்கரையில் அவள் தோண்டத் தொடங்கியதுமே விவசாயிகள் சூழ்ந்துகொண்டார்கள்.

“ஏரியைத் தூத்துட்டு கம்பெனி கட்டப் போறீங்களாமா?”

“இல்லீங்க. இந்த மண்ணுல அலுமினியம் இருக்க வேண்டிய எடத்துல இரும்பு உக்காந்துக்கினு இருக்குதான்னு பாக்கணும்.”

“யாரு உக்கார வெச்சது?”

“தானா உக்காந்துக்கிச்சு.”

“எழுப்பி உடப் போறீங்களா?”

“ஐயோ, அது பாட்டுக்கு இருக்கட்டும். இருக்குதான்னு தெரிஞ்சா போதும்.”

அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் வானத்தைப் பார்த்தேன். பிறகு அவர்களே இரக்கப்பட்டுப் பையை நிரப்பிக் கொடுத்தார்கள்.

எனக்கும் புரியவில்லைதான். மறுநாள் ஆசிரியர் அறையில் விளக்கினாள். களிமண்ணுக்குள் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஜோடி சேர்ந்து ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்குமாம். பக்கத்தில் இருப்பவை இரண்டும் அலுமினியம் என்றால் ஒரு வேகம். அதில் ஒன்றின் இடத்தில் இரும்பு வந்துவிட்டால் வேகம் சற்றுக் குறையும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்பினால், ஒவ்வொரு அதிர்வும் தன் வேகத்துக்கேற்ற ஒளியை மட்டும் விழுங்கும். கருவியின் பேனா காகிதத்தில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் வரையும்.

சொன்னதோடு விட்டாளா? இரண்டு முஷ்டிகளையும் நீட்டி, கண்ணை மூடி, உடம்பெல்லாம் குலுங்க அதிர்ந்து காட்டினாள். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த முதல்வர் அம்மா வலிப்பு என்று பதறி, இரும்புச் சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார். ஆட்டம் நின்றது.

“பாத்தியா! இரும்பு வந்ததும் கொறைஞ்சிடுச்சு” என்றாள் என்னிடம், மகா திருப்தியாக.

சென்னைக் கருவி முதல் தடவையே இரும்புக்கான சின்னப் பள்ளத்தைக் காட்டியது. பேராசிரியர்தான் ஒப்பவில்லை. “அது மண்ணு மேல ஒட்டியிருக்கிற துரு. துருவுக்கும் கிட்டத்தட்ட அதே எடத்துலதான் பள்ளம் விழும். துருவைக் கழுவிட்டுக் கொண்டா. அப்பவும் பள்ளம் இருந்தா உள்ள இருக்குதுன்னு நம்பறேன். இல்லேன்னா இந்தத் தலைப்பையே மறந்துடு.”

ஓயாமல் பேசுகிறவள், திரும்பி வரும் வழியெல்லாம் நகத்தடி மண்ணையே சுரண்டிக்கொண்டு வந்தாள். அடுத்த நாள் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டாள். ஏதோ மருந்தைக் கலந்து மண்ணைச் சூடாக்குவாள், தெளியவைப்பாள், தண்ணீர் விட்டு அலசுவாள்; மறுபடியும் முதலிலிருந்து. கீழே பட்டு நூல் அலச வந்த வீட்டுக்காரம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“கையில மண்ணு பட்டா கழுவுவாங்க. நீ இன்னாமா, மண்ணையே கழுவிக்கினு இருக்கறே?”

“அழுக்குப் போவணும்மா.”

“அழுக்கே அதானேமா!”

காய்ந்த மண்தூளில் ஈரம் ஏறக் கூடாது. தடித்த கண்ணாடி ஜாடியில் வைத்து மூடினாள். சென்னைக் கருவியில் மறுபடி எங்களுக்கு முறை கிடைத்த நாளோ, அடைமழை. ஜாடியை வெள்ளைத் துணியால் சுற்றி மடியில் அணைத்தபடி பஸ்ஸில் உட்கார்ந்தாள். பஸ் ஒழுகியது. குடையை விரித்து ஜாடிக்குப் பிடித்தாள். அவள் முகத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

எதிரில் இருந்த பெரியவர் கை கூப்பினார். “எந்த ஊரும்மா?”

“தென்னேரிங்க.”

“ரொம்ப வயசோ?”

“கணக்கே சொல்ல முடியாதுங்க.”

“அப்ப கல்யாணச் சாவுதான். அழுவாதமா.”

பஸ்ஸே எழுந்து எங்களைச் சுற்றி இடம் விட்டது. சென்னை வரை யாரும் உரக்கப் பேசவில்லை. நான் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கியதைப் பார்த்து, ஓர் அம்மாள் என் முதுகையும் தடவிக் கொடுத்தாள்.

கருவி அறையில் சிரிப்பு போய்விட்டது. மண்தூளை ஓர் உப்போடு அரைத்து, அழுத்தி, கண்ணாடிபோல் மெல்லிய வில்லையாக்கிக் கருவிக்குள் வைத்தாள். பேனா நகர்ந்தது. அலுமினியத்தின் பெரிய பள்ளத்தில் இறங்கியது, ஏறியது. அவள் என் கையைப் பிடித்திருந்தாள். வளையல் அழுந்தி வலித்தது. பேனா சமமாகப் போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. பிறகு லேசாகத் தயங்கி, இறங்கியது. சின்னப் பள்ளம். ஆனால் தெளிவான பள்ளம்.

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். “நல்லாக் கழுவினியா?”

நான்தான் பதில் சொன்னேன்: “சார், எங்க வீட்டுக் கெணறே வத்திப்போச்சு.”

அவர் சிரித்துவிட்டார். “அப்ப உள்ளதான் உக்காந்துருக்குது. எழுத ஆரம்பி.”

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து, இந்த முறை நிஜமாகவே அழுதாள்.

பட்டம் வாங்கினாள்; தூரத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலையும் கிடைத்துப் போனாள். அவள் இருந்த பாதி அறைக்கு ஆள் சேர்க்கச் சொன்னாள் வீட்டுக்காரம்மா. வந்து கேட்டவர்கள் எல்லாரும் நல்ல பெண்கள். சத்தம் போடாதவர்கள், சுத்தமானவர்கள். எல்லாரிடமும் இடமில்லை என்று சொல்லி அனுப்பினேன்.