வெறும் வயிற்றுக் கரடியும் கூட்டு ஆராய்ச்சி மையமும்

ஒரு காட்டில் பாதியை வெட்டிக் கரும்பு போட்டார்கள். மீதிப் பாதியில் இருந்த விலங்குகளுக்குச் சர்க்கரை நோய் வந்தது. பக்கத்துக் காடுகள் இரண்டிலும் இதே கதைதான். ஆகவே மூன்று காடுகளும் சேர்ந்து கூட்டு நீரிழிவு ஆராய்ச்சி மையம் திறந்தன. கூட்டு என்பதால் எந்தக் காட்டுக்கு எந்தப் பதவி என்று முதல் கூட்டத்திலேயே பேசி முடித்தார்கள். நோயைப் பற்றிப் பேச அன்று நேரமில்லை.

அந்த மையத்துக்கு ஒரு கரடி வந்தது. அதன் இடது பாதத்தில் மழைக்காலத்தில் வந்த புண் வெயில் அடித்தும் ஆறவில்லை. இரத்தம் எடுக்கும் வேலை முள்ளம்பன்றிக்கு. ஊசிக்கு அது யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை.

"வெறும் வயித்துல ரத்தம் பார்த்தாத்தான் மருந்து கொடுக்க முடியும் அண்ணே. இன்னும் தள்ளிப்போட்டா கால் தங்காது. விடிஞ்சதும் சாப்பிடாம வாங்க" என்றது முள்ளம்பன்றி.

கரடி மறுநாள் பசியோடு வந்தது. அன்றுதான் யானை இயக்குநராகப் பதவியேற்றது. கைதட்ட ஆள் குறைந்ததால், செயலர் நரி நோயாளிகளின் வரிசையை அப்படியே மேடைக்கு முன்னால் திருப்பிவிட்டது. யானை ஆளுக்கொரு லட்டு கொடுத்தது.

"எனக்கு ரத்தம் எடுக்கணும்யா" என்றது கரடி.

"இயக்குநர் கையால கொடுக்கிறார். வேண்டாம்னா அவர் காட்டையே வேண்டாம்னு சொன்ன மாதிரி. கூட்டு உடைஞ்சிரும். உடைச்ச பேரு உங்களுக்கு வேணுமா?" என்றது நரி.

கரடி தின்றது. அதன் மீசையில் ஒட்டியிருந்த பூந்தியைப் பார்த்து முள்ளம்பன்றி, "நாளைக்கு வாங்க" என்றது.

மறுநாள், கூட்டில் இரண்டாவது காடான ஆற்றங்காட்டார் கோபித்துக்கொண்டதால் முதலை இணை இயக்குநர் ஆனது. ஜாங்கிரி. அதற்கு மறுநாள், இருவரையும் ஒருங்கிணைக்க மூன்றாவதான மூங்கில்காட்டிலிருந்து காட்டெருமை. மைசூர்பாகு. புண் கணுக்கால்வரை ஏறியது.

கரடி வாசலில் உட்கார்ந்து உண்ணாவிரதம் அறிவித்தது. ஒரே கோரிக்கை: முதலில் இரத்தம், பிறகு இனிப்பு. மையத்தின் எல்லா நாற்காலிகளும் ஒரே இரவில் நடுங்கின.

விடிந்ததும் முள்ளம்பன்றி ஓடி வந்தது. "அண்ணே, எதுவும் சாப்பிடலையே?"

"பச்சத் தண்ணிகூட இல்ல தம்பி."

"அட, இதைத்தானே நான் கேட்டேன்! கையைக் கொடுங்க!"

கரடி கையை நீட்டியது. அந்த நேரம் பார்த்து மேளம் கேட்டது. முன்னால் நரி, பின்னால் யானை, யானையின் துதிக்கையில் கரும்புச்சாறு. உண்ணாவிரதத்தைத் தலைவர் சாறு கொடுத்து முடித்துவைப்பது எல்லாக் காடுகளுக்கும் பொதுவான மரபு.

"தோழரின் கோரிக்கை ஏற்கப்பட்டது!" என்று நரி முழங்கியது.

"கொஞ்சம் பொறு..." என்று கரடி வாயைத் திறந்தது. திறந்த வாயில் யானை சாற்றை ஊற்றியது. கூட்டம் ஆர்ப்பரித்தது. மறுநாள் காலை வெற்றி விழா. வெற்றி பெற்றவரே இனிப்பு தின்னாவிட்டால் எப்படி?

அந்த வாரமே கரடியின் காலை வெட்டி எடுத்தார்கள்.

நரி மாலையோடு பார்க்க வந்தது. "தியாகம் செஞ்சவங்கதான், தோழர், தலைமைக்கு வரணும். இனி நீங்கதான் இயக்குநர். நாற்காலிக்குச் சக்கரம்கூட வச்சாச்சு."

கரடி சக்கரத்தை ஒருமுறை உருட்டிப் பார்த்தது. "பதவியேற்பு சாயங்காலம்தானே?"

"சாயங்காலம் கூட்டம் வராதே தோழர். வரிசை காலையிலதான் நிக்கும்."

கரடி நாற்காலியில் ஏறி உட்கார்ந்தது.

மறுநாள் காலை கரடி வரிசைக்கு லட்டு கொடுத்துக்கொண்டே உருண்டு வந்தது. விரல் வீங்கிய ஒரு குரங்கு கையைப் பின்னால் கட்டிக்கொண்டது. "ஐயா, வெறும் வயித்தோட வந்திருக்கேன். ரத்தம் கொடுத்துட்டு வந்து வாங்கிக்கிறேனே."

"ஒரு காலைக் கொடுத்து வாங்கின பதவிடா இது" என்று உறுமியது கரடி. "அந்த லட்டு உனக்கு இளக்காரமா? தின்னு!"

குரங்கு தின்றது. முள்ளம்பன்றி ஊசியை மடக்கிக்கொண்டு, "நாளைக்கு வாங்க" என்றது.

நீதி: தலைமை தாங்கக் கால் தேவையில்லை, எதிரே வெறும் வயிற்றோடு ஒரு வரிசை நின்றால் போதும்.