சிப்பிக்கு வந்த சோதனை

"தம்பி, அது சிப்பி! கட்சிக்கொடி இல்ல!" என்று ஏணிக்குக் கீழே நின்று கத்தினார் மாசானம்.

தேர்தல் அதிகாரி ஜெபசீலன், முத்துக்குளிப்பவர் சிலையின் உயர்த்திய கையில் துணியைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "சிப்பிதான் சார் பிரச்சினை. இந்த வார்டுல ஒரு சுயேச்சைக்குச் சிப்பிச் சின்னம் குடுத்திருக்கு. ஓட்டு முடியுற வரைக்கும் இது வெளிய தெரியக் கூடாது."

மாசானம் லேசுப்பட்ட ஆள் இல்லை. கவின்கலைக் கல்லூரியில் முப்பது வருடம் சிற்பம் கற்றுக்கொடுத்தவர். தலைவர்கள் சிலை மட்டும் நாற்பத்தொன்று செய்திருக்கிறார். எல்லாம் பாஸ்போர்ட் போட்டோவைப் பார்த்துச் செய்தவை. மூக்கைக் கொஞ்சம் எடுப்பாக வைக்கச் சொல்லாத கட்சியே கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு மனசுக்குப் பிடித்துச் செய்தது இந்த ஒன்றுதான்.

துறைமுகச் சாலை ரவுண்டானாவில் அதை வைத்து இரண்டு வருடம் ஆகிறது. ஒருவராவது நிமிர்ந்து பார்த்து அவர் கண்டதில்லை. அந்தக் குறை அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. பீடத்தடியில் மீன் விற்கும் பிளாரன்ஸ்கூட, கடலில் மூழ்குவதற்காகச் சிலையின் காலில் கட்டித் தொங்கும் கல்லில் தராசை மாட்டிவிட்டு மீனைத்தான் பார்ப்பாள். தேர்தல் அறிவித்த மறுநாள் அவளும் கூடையைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டாள்.

இப்போதுதான் விடிவு வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து விருதுக் குழு சிலையைப் பார்க்க வருகிறது. இன்றைக்குப் புதன்.

"கை முழுக்க வேண்டாம் தம்பி, சிப்பிய மட்டும் மூடுங்க" என்று கெஞ்சினார். ஜெபசீலன் இரக்கப்பட்டு, சிப்பியை மட்டும் ஒரு சாக்கில் பொதிந்து கட்டினார்.

வியாழன் காலையில் போன் வந்தது.

"சார், தூரத்துல இருந்து பாத்தா பலாப்பழம் மாதிரி இருக்காம். அது இன்னொருத்தர் சின்னம். புகார் வந்திருக்கு."

மாசானம் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுபோய் அதன்மேல் கவிழ்த்தார். மத்தியானமே அடுத்த புகார். வாளியும் ஒருவருக்குச் சின்னமாம்.

"அப்போ எதுதான்யா சின்னம் இல்ல?"

"பட்டியல்ல கேரட்டுகூட இருக்கு சார்."

வம்பே வேண்டாமென்று ஜெபசீலன் சிலையைத் தலை முதல் கால் வரை போர்த்திவிட்டார். வெள்ளைத் துணி தீர்ந்துபோனதால் ஊதாத் துணி. அங்கேதான் பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது. தவக்காலத்தில் மாதா கோயிலில் புனிதர்களின் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுகிற ஊர் இது. வெள்ளிக்கிழமை விடிந்தபோது பீடத்தைச் சுற்றி மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. உள்ளே இருப்பது எந்தப் புனிதர் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் ஒரு அம்மாவுக்கு முட்டுவலி போயே போய்விட்டதாம்.

"மதத்த வச்சுப் பிரச்சாரம்னு எழுதிருவாவ சார்! என் வேலையே போயிரும்!" என்று அலறிய ஜெபசீலன், சிலையைச் சுற்றிலும் தகரம் அடித்துவிட்டார்.

மாசானம் ஆற்றாமையோடு சாலையைக் கடந்து பிளாரன்ஸிடம் போய்க் கொட்டினார்.

"ஏம்மா, யாரும்மா அந்தப் பாழாப்போன சுயேச்சை? ஒலகத்துல வேற சின்னமே கெடைக்கலையா அவனுக்கு?"

"அந்த ஆளு மேல அம்புட்டுக் கோவமா சார்?"

"கையில கெடைச்சா சும்மா விடமாட்டேன்."

பிளாரன்ஸ் குனிந்து மீன் செதிலைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை குழு வந்தது. தகரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. டீ குடித்தது. "அடுத்த வருஷம் பாப்போம் சார்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டது.

மாசானத்துக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பத்தொரு மூக்கோடு நிறுத்தியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பிளாரன்ஸ் சாலையைக் கடந்து வந்தாள். இடுப்பில் செருகியிருந்த நோட்டீஸ் ஒன்றை எடுத்து, தயங்கித் தயங்கி நீட்டினாள். 'மீன் விற்கும் பெண்களுக்குக் கூரை' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே அவளுடைய போட்டோ. பக்கத்தில் ஒரு சிப்பி.

"ஏசாதீய சார். ரெண்டு வருஷமா ஒங்க ஆளு கடலுக்குள்ள இருந்து வந்து, வெறுங்கையோட வரலன்னு தூக்கிக் காட்டிக்கிட்டே இருக்கான். தெனமும் அவனப் பாத்துப் பாத்துத்தான் எனக்கு மனு போடவே தைரியம் வந்துச்சு."