தொப்பை வைத்த எழுத்து

பேருந்துக்கு நிற்கும்போது எதிர்க்கடைப் பலகையின் எழுத்தைக் காற்றில் விரலால் எழுதிப் பார்க்கும் ஆட்களைப் பல வருடங்களாக நீங்களும் பார்த்திருப்பீர்கள். பைத்தியம் என்று நினைத்து ஒதுங்கியும் நின்றிருப்பீர்கள். பைத்தியமில்லை. எழுத்துப் பிரியர் என்ற தனி இனம் அது.

இந்த இனத்துக்கு உலகத்தில் ஓர் எழுத்துருதான் உண்டு. தடித்த தூரிகையை மையில் முக்கிக் குத்தாட்டம் போடச் சொன்னதுபோல் இருக்கும். 'வ'வுக்குத் தொப்பை, 'ழ'வுக்கு வால், புள்ளியெல்லாம் பட்டாணி.

ஆம்பூர்த் தோல் தொழிற்சாலை ஒன்றின் அலுவலகத்தில் இருக்கும் நெல்வின் இந்த இனத்தின் அசல் வார்ப்பு. வீட்டில் முதல் பட்டதாரி. அந்த எழுத்துரு கணினிக்குள் வந்து உட்கார்ந்த நாளிலிருந்து விடுமுறை அறிவிப்பு, கிறிஸ்துமஸ் வாழ்த்து, கழிப்பறையில் தண்ணீர் ஊற்றச் சொல்லும் சீட்டு, கணக்கருடைய மாமியாரின் கண்ணீர் அஞ்சலி, எல்லாம் அதே ஆட்டத்தில்தான். அஞ்சலியைப் பார்த்தால் மாமியார் போனதற்கு மருமகன் விருந்து வைப்பதுபோல் இருந்தது. கேட்டால், "எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது சார். அவங்களே நின்னு பாக்கறாங்க" என்பான்.

பாதுகாப்பு அதிகாரி ஹெலன் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கத்துச் சுவருக்குப் பலகை கேட்டார். விழுந்தால் உடம்பு வெந்துபோகும் தொட்டி. 'அபாயம்! அருகில் வராதே!' நெல்வின் மஞ்சளில் ஆடவிட்டான்.

பலன்? ஏதோ விழா என்று தொழிலாளர்களின் மதியச் சாப்பாடு அங்கே இடம் மாறியது. தோல் அடுக்கும் காசி, கைநாட்டு வைப்பவர், பலகையடியில் நின்ற கூட்டாளிகளைப் படமெடுக்கக் கைபேசியை உயர்த்திப் பின்னால் பின்னால் நகர்ந்து தொட்டி விளிம்பில் வழுக்கினார். ஹெலன் பாய்ந்து சட்டையைப் பிடித்ததால் ஒரு செருப்பு மட்டும் உள்ளே போனது.

"இன்னா மேடம், பிரியாணி கடை தொறக்கறாங்கன்னு நெனச்சேன்" என்றார் காசி ஒற்றைச் செருப்போடு.

ஹெலன் பலகையைப் பிடுங்கி எறிந்தார். "நெல்வின், ஆளே போயிருப்பாருடா! போய் மன்னிப்பு கேளு!"

நெல்வின் தன்னையே திட்டிக்கொண்டான். படிக்காதவர் கண்ணுக்கு எழுத்தின் ஆட்டம்தானே தெரியும்? படிக்காத வீட்டில் வளர்ந்தவனுக்கு இது தெரிய வேண்டாமா? பட்டம் வாங்கிக் கிழித்தது என்ன? இந்த இனத்துக்கு மனசு உண்டு. வாய்தான் கிடையாது. மறுநாள் வழவழ அட்டையில் 'மன்னித்துவிடுங்கள் அண்ணா' என்று அச்சடித்து நீட்டினான். எந்த எழுத்தில் என்று கேட்க வேண்டுமா?

காசி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட, கல்யாணமா தம்பி! சொல்லவே இல்ல! பொண்ணு எந்த ஊரு?"

நெல்வின் வாயைத் திறந்தான்.

"பேர்ணாம்பட்டு" என்றான்.

சிரிக்கிறீர்கள். சரி, போன மாதம் ஒருவர் வீட்டு இழவுக்கு நேரில் போகாமல் ரோஜாப்பூப் படம் ஒன்று அனுப்பினீர்களே, அதில் எழுத்து எப்படி ஆடியது என்று ஒருமுறை பார்த்துவிட்டு வந்து சிரியுங்கள். காசி புது வேட்டி எடுத்துவிட்டார், தேதி கேட்டபடி இருக்கிறார். மன்னிப்பு இன்னும் பாக்கி.