காய்ந்த கண்ணில் வந்த தண்ணீர்

கண் வறண்டு போனவர்களுக்குத்தான் கண்ணில் தண்ணீர் கொட்டும். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். இதை நம்பவைக்க முடியாமல் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

அப்போது நான் அனுமந்தன்பட்டியில் வீட்டிலிருந்தபடியே ஒரு சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். விடிந்தால் லேப்டாப், முகத்துக்கு நேரே டேபிள் ஃபேன். கண் மணல் விழுந்ததுபோல் உறுத்தும், சிவக்கும். டாக்டரிடம் போகாமல், சிவப்பு போக ஏதோ சொட்டு மருந்தை நானே கடையில் கேட்டு வாங்கி ஊற்றினேன். (படித்த பெண் அல்லவா, எனக்குத் தெரியாததா?) போன சிவப்பு இன்னும் அதிகமாகத் திரும்பி வந்தது.

தேவதானப்பட்டியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தது ஆனி மாதத்தில். எங்கள் பக்கம் ஆனிக் காற்று ஆளையே தள்ளும். காபித் தட்டோடு நான் கூடத்துக்கு வந்த நேரம், திறந்திருந்த வாசல் வழியே அது என் முகத்தில் அறைந்தது. இரண்டு கண்ணிலும் தண்ணீர் இறங்கியது. தோளில் துடைத்தேன், இன்னும் வந்தது. ஒரு சொட்டு மாப்பிள்ளையின் டம்ளரிலேயே விழுந்தது. அவர் அதைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

அவருடைய அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்.

"ஏன் ஆத்தா அழுகுற?"

"அழுகல அத்தை. கண்ணு காஞ்சு போயிருக்கு."

கன்னத்தில் தண்ணீர் வழிய வழிய இதைச் சொன்னேன்.

அந்த அம்மா என்னை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். "பயப்படாமச் சொல்லு. மனசுல வேற யாரும் இருக்காகளா?"

"சத்தியமா இல்ல அத்தை. காத்துதான்."

"என்னையப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கு நானும் இப்படித்தான் அழுதுக்கிட்டு நின்னேன். கண்ணுல தூசின்னு எங்கப்பா சொன்னாக. எல்லாரும் நம்புனாக. என்னைய ஒருத்தரும் கேக்கல."

அதற்குமேல் காற்று, ஃபேன் என்று பேச எனக்கு வாய் வரவில்லை. நான் பேசாமல் நின்றதையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டார். வெளியே வந்து அப்பாவிடம், "புள்ளைய அழ வச்சுக் கட்டிக்குடுக்காதீக அண்ணே" என்றார். கேசரியைத் தொடாமல் கிளம்பிவிட்டார்கள்.

அப்பா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சாயங்காலம் வந்து, "யாரு அந்தப் பையன்? சொல்லுத்தா, நான் போயிப் பேசுறேன்" என்றார். இல்லாத பையனுக்கு நான் எங்கே போவேன்?

மறுநாள் அவரையும் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு தேனிக்குக் கண் டாக்டரிடம் போனேன். டாக்டரம்மா கண்ணில் மஞ்சள் சாயம் விட்டு, விளக்கு வைத்துப் பார்த்தார். "கண்ணுக்கு மேல ஈரம் ஒரு படலமா நிக்கணும். உங்களுக்கு நிக்கல. காய்ஞ்சு உறுத்துது, உறுத்துறதால தண்ணியாக் கொட்டுது. அந்தத் தண்ணி தங்காது" என்றார். வாங்கி ஊற்றிய மருந்தை நிறுத்தச் சொன்னார். செயற்கைக் கண்ணீர் சொட்டு, மூடிய கண்மேல் வெதுவெதுப்பான துணி ஒத்தடம், ஃபேனைத் திருப்பி வைப்பது, வேலைக்கு நடுவே கண்ணைச் சிமிட்ட மறக்காமல் இருப்பது என்று எழுதியும் கொடுத்தார்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப வேற யாரும் இல்லைங்களா டாக்டரம்மா?" என்றார்.

அவர் சிரிக்காமல், "கண்ணுக்குள்ள யாரும் இல்லைங்க" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே அப்பா தேவதானப்பட்டிக்கு போன் போட்டார். அந்த அம்மா போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார். "அப்பா பக்கத்துல நிக்கிறாகளா? தள்ளிப் போயிப் பேசு."

தள்ளிப் போனேன். "உங்க மகனப் பிடிச்சிருக்கு அத்தை. நீங்க கேட்டீக பாருங்க, அதுல உங்களையும் பிடிச்சுப்போச்சு."

கல்யாணம் முடிந்து புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதேன். "சொட்டு மருந்த எடுங்கடி" என்றாள் சித்தி மகள். கூடியிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள், அப்பா உட்பட.

அன்றிலிருந்து இரண்டு குடும்பத்திலும் என் அழுகைக்கு மரியாதை கிடையாது. கண் கலங்கினால் ஆளுக்கு ஒரு பக்கம் மருந்துப் பாட்டிலைத் தேடுவார்கள். மாமியார் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து, மெதுவாகக் கேட்பார்:

"இது எந்தத் தண்ணி ஆத்தா?"